பச்சையெல்லாம் தீனியல்ல

மேய்ச்சலுக்குப் போன ஆடு பட்டிக்குத் திரும்பாமல் வழியிலேயே விழுந்துவிட்டால், மாட்டாஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்வி "என்ன தின்னுச்சு?" என்பதுதான். "வழக்கமா மேயுற எடந்தாங்க சார், புதுசா எங்கயும் ஓட்டிட்டுப் போகல" என்பது பெரும்பாலும் வரும் பதில். அந்தப் பதிலில் பொய் இல்லை. மாறியது இடமல்ல, காலம். போன வாரம் வரை முகர்ந்துவிட்டு விலகிய செடியை இந்த வாரம் ஆடு கடித்திருக்கும். போன மாதம் நல்ல தீவனமாக இருந்த சோளம், ஒரு மழைக்குப் பிறகு வேறு பயிராகியிருக்கும்.

அதனால் நச்சுச் செடிகளை இலைப் படத்தோடு மனப்பாடம் செய்வதைவிட, எந்த மாதத்தில் எந்த மண்ணில் எது ஆபத்து என்று தெரிந்துவைத்திருப்பது மேய்ப்பவருக்கு அதிகம் உதவும். கடலூர் மாவட்டம் இதற்கு வசதியான பாடப்புத்தகம். மேற்கே திட்டக்குடி, வேப்பூர், விருத்தாசலம் பக்கம் மானாவாரிக் காடுகள்: சோளம், மக்காச்சோளம், வரகு, பருத்தி. நடுவில் பண்ருட்டியும் நெய்வேலியும் செம்மண் மேடு, முந்திரித் தோப்பு. தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் நெல்வயல்கள், வீராணம் ஏரி, வாய்க்கால் கரைகள். அதற்கும் அப்பால் பிச்சாவரம் உப்பங்கழி. நான்கு நிலத்துக்கும் நான்கு விதமான நஞ்சு.

வெள்ளாடு சாதாரணமாக ஏமாறாது. ஒரு செடியில் ஒரு வாய், அடுத்த செடியில் ஒரு வாய் என்று கடித்துக்கொண்டே நகரும் பிராணி அது. நச்சுச் செடிகளில் பெரும்பாலானவை கசக்கும், அல்லது நாறும். ஊமத்தை முளைத்த மேட்டில் ஆண்டு முழுக்க மேயும் ஆடு ஊமத்தையைத் தொடாமல் இருப்பதைப் பார்க்கலாம். இந்த எச்சரிக்கை இரண்டு சந்தர்ப்பங்களில் உடையும். ஒன்று, வயிறு காய்வது. இன்னொன்று, ஊர் புதிதாக இருப்பது. எதைத் தின்னலாம், எதை விடலாம் என்பதைக் குட்டி தாயோடு மேய்ந்துதான் பழகுகிறது. சந்தையில் வாங்கி, வண்டியில் ஏற்றி, ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டு, மறுநாள் காலை வேற்றூர் மேட்டில் அவிழ்த்துவிடும் ஆட்டுக்கு இரண்டு ஆபத்தும் சேர்ந்தே வருகின்றன. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா ஆடுகள் திட்டத்தில் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் தரப்பட்டன. அப்படி வெளியிலிருந்து வந்து சேரும் ஆடுகளை முதல் வாரம் கட்டிவைத்துத் தழை போட்டு, பிறகு ஊர் மந்தையோடு கலந்து விடுவது நல்லது.

சோளக் கொல்லையில் பதினைந்து நிமிடம்

இந்த மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மிக வேகமாகக் கொல்வது எந்தக் காட்டுச் செடியும் அல்ல. மனிதர் விதைத்த சோளம்.

இளஞ்சோளத்தில் டூரின் என்ற பொருள் இருக்கிறது. அதைச் சிதைக்கும் நொதியும் அதே இலையில்தான் இருக்கிறது, ஆனால் வேறு அறையில். ஆடு மென்று கூழாக்கியதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. அசைபோடும் பிராணிகளின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகளும் அதே வேலையைச் செய்கின்றன. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இந்த நஞ்சு சீக்கிரம் ஏறுவது அதனால்தான். சயனைடு ரத்தத்தைக் கெடுப்பதில்லை. ரத்தத்தில் உள்ள பிராணவாயுவை உடலின் செல்கள் பயன்படுத்த முடியாமல் பூட்டிவிடுகிறது. மூச்சுக் காற்று உள்ளே போகும், பயனில்லை. பயன்படாத பிராணவாயு ரத்தத்திலேயே தங்கிவிடுவதால், செத்த ஆட்டின் ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். வயிற்றைத் திறந்தால் சில சமயம் கசப்பு வாதுமை வாசனை வரும்.

கணக்கு எளிது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் சயனைடு போதும், உயிர் போக. 25 கிலோ ஆட்டுக்கு 50 மில்லிகிராம். பச்சைத் தீவனத்தில் 200 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 200 பங்கு, என்பதை ஆபத்தின் எல்லையாக வைக்கிறார்கள். அந்த எல்லையில் நிற்கும் சோளத்தில் கால் கிலோவே 50 மில்லிகிராமைக் கொடுத்துவிடும். பசித்த ஆடு கால் கிலோ பச்சையை மேய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று மேய்ப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாக, இடைவெளி விட்டுத் தின்றால் உடல் கொஞ்சம் கொஞ்சமாக அதை முறித்துவிடும். கொல்வது அளவு மட்டுமல்ல, வேகமும்தான்.

எந்தச் சோளம் ஆபத்து? முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ளது. மழை பொய்த்து வாடிச் சுருண்டு நிற்பது. அந்த வாட்டத்துக்குப் பிறகு ஒரு மழை பெய்ததும் குபீரென்று துளிர்ப்பது. தழைச்சத்து உரம் அதிகம் வாங்கியது. இவை எல்லாவற்றையும்விட, அறுத்த தாளில் வெடிக்கும் மறுதாம்புத் துளிர். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்து, தையில் கதிர் அறுத்த கொல்லை சித்திரையில் சும்மா கிடக்கும். ஒரு கோடை மழை விழுந்தால் அடிக்கட்டையிலிருந்து நான்கு விரல் நீளத்துக்குப் பச்சை எட்டிப் பார்க்கும். சுற்றிலும் கருகிக் கிடக்கும் மண்ணில் அந்தப் பச்சை ஒன்றுதான் ஆட்டின் கண்ணில் படும். அறுவடையான கொல்லைதானே என்று யாரும் தடுக்கவும் மாட்டார்கள்.

தீவனத்துக்கென்றே வளர்க்கும் சோளத்தைப் பாதிக்கு மேல் பூத்த பிறகு அறுப்பதுதான் முறை. பலமுறை அறுக்கும் கோ எஃப்.எஸ் 29 போன்ற ரகங்களிலும் மறுதுளிரை உயரம் பிடிக்கும் முன் மாட்டுக்குப் போடக்கூடாது. அறுத்துப் போட்டு நன்றாகக் காய்ந்த தட்டையில் சயனைடு பெரும்பகுதி ஆவியாகிவிடும். பதப்படுத்திய ஊறுகாய்ப் புல்லிலும் குறையும். அறுத்து ஒரு மணி நேரம் வெயிலில் வாடியதைக் 'காய்ந்தது' என்று எண்ணிப் போடுவது தவறு. வாடும்போது இலை நொறுங்கி நஞ்சு வெளிவரும் வேகம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

மரவள்ளிக்கும் இதே கதைதான். பிடுங்கிய கொல்லையில் குவிந்து கிடக்கும் தழையும் கிழங்குத் தோலும் அதே சயனைடைத்தான் தருகின்றன. நிழலில் உலர்த்திய மரவள்ளித் தழை புரதம் நிறைந்த தீவனம், பச்சையாக வயிறு நிறையத் தின்றது எமன்.

நெய்வேலிக் காட்டாமணக்கு

சோளம் பதினைந்து நிமிடத்தில் செய்வதை இந்தச் செடி ஐந்து, ஆறு மாதம் எடுத்துக்கொண்டு செய்யும். அதனால்தான் இதன்மேல் யாரும் பழி போடுவதில்லை.

நெய்வேலியின் பெயரைத் தாங்கி நின்றாலும் இதன் தாய்வீடு தென் அமெரிக்கா. ஐபோமியா கார்னியா என்பது தாவரவியல் பெயர். வள்ளைக்கீரைக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் உறவு. வெளிர் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் புனல் போன்ற பூ, உள்ளே பொள்ளலான தண்டு, ஒடித்தால் பால். வாய்க்கால் கரை, ஏரிக்கரை, வயலோரம், ரயில் பாதைப் பள்ளம் என்று தண்ணீர் நிற்கும் எந்த இடத்திலும் ஆளுயரத்துக்குப் புதராக நிற்கும். வெட்டிப் போட்ட துண்டு ஈர மண்ணில் பட்டால் மறுபடி வேர்விடும். கோடையில் மற்ற எல்லாம் காய்ந்த பிறகும் இது பச்சையாகவே இருக்கும். ஆபத்தே அந்தப் பச்சையில்தான் இருக்கிறது.

இதன் இலையில் ஸ்வைன்சோனின் என்ற நஞ்சு உண்டு. உண்மையில் அதைத் தயாரிப்பது செடியல்ல, செடிக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை. செல்களில் சேரும் ஒருவகைச் சர்க்கரைக் கழிவைச் சிதைக்க உடம்பில் ஆல்ஃபா மானோசிடேஸ் என்ற நொதி இருக்கிறது. ஸ்வைன்சோனின் அதை முடக்கிவிடுகிறது. கழிவு செல்லுக்குள்ளேயே தேங்கித் தேங்கி, முதலில் நரம்பு செல்கள் வீங்கிச் செயலிழக்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஸ்வைன்சோனா என்ற செடியில் முதலில் பிரித்தெடுக்கப்பட்டதால் அந்தப் பெயர். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மாடுகளையும் குதிரைகளையும் பித்துப்பிடிக்க வைத்த 'லோகோ' களையிலும் இதே நஞ்சுதான்.

முதல் நாள் ஆடு இதை விரும்புவதில்லை. பசியால் கடிக்கத் தொடங்கி, சில வாரம் தின்று பழகிய பிறகு வேறு தழை இருந்தாலும் இதையே தேடிப் போகும். ஒன்று தின்பதைப் பார்த்து இன்னொன்றும் கற்றுக்கொள்ளும். மந்தையில் ஒரே ஒரு 'பழகிய' ஆடு இருந்தால் போதும்.

அடையாளம் நுணுக்கமானது. நிற்கும்போது ஆடு சரியாகத்தான் இருக்கும். தீவனத் தொட்டியை நோக்கித் தலையைக் கொண்டுபோகும்போது மட்டும் தலை மெல்ல ஆடும். தழையைப் பிடிக்க வாயை நீட்டும், தவறும், மறுபடி நீட்டும். பின்னங்கால் இரண்டும் அகன்று நிற்கும். மேடேறும்போது இடுப்பு ஒரு பக்கம் சாயும். தீனி தின்றும் உடம்பு தேறாது, மயிர் சொரசொரக்கும். பூச்சி மருந்தை மூன்று முறை கொடுத்துவிட்டு, "இந்த ஆட்டுக்கு எதுவும் பிடிக்கல" என்று விற்றுவிடுவார்கள். வாங்கியவர் பாடு தனிக்கதை.

ஒரு சோதனை உண்டு, பிரேசிலில் ஆடுகளிடம் செய்து பார்ப்பது. ஆட்டின் தாடையைப் பிடித்துத் தலையை நன்றாக நிமிர்த்தி, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்து விட வேண்டும். பாதிக்கப்பட்ட ஆடு தலை விடுபட்டதும் தடுமாறும், பின்னங்கால் மடிந்து உட்காரும், சில சமயம் விழும். காசு செலவில்லாத இந்தச் சோதனையை வாய்க்காலோர மந்தைகளில் கோடை முடிவில் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. சீக்கிரம் கண்டுபிடித்துச் செடியிலிருந்து பிரித்துவிட்டால் ஆடு தேறும். பல மாதம் தின்ற ஆட்டின் நரம்பு செல்கள் செத்திருக்கும், அதற்கு மருந்து கிடையாது. சினை ஆடு தின்றால் கரு கலையலாம், அல்லது எழுந்து நிற்கத் தெம்பில்லாத குட்டி பிறக்கலாம்.

பிரேசிலின் மராஜோ தீவில் இதே செடி மேய்ச்சல் தரை முழுக்க நிற்கிறது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆட்டுக்கு இந்தச் செடியைத் தின்னக் கொடுத்து, உடனே குமட்டலை உண்டாக்கும் லித்தியம் குளோரைடைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டார்கள். ஆடு குமட்டலுக்குச் செடிதான் காரணம் என்று நம்பி, அதன்பின் அதைத் தொடுவதை நிறுத்தியது. நம்மூரில் அந்த அளவுக்குப் போக வேண்டாம். கரையை வெட்டும்போது தண்டுகளை வாய்க்காலிலேயே தள்ளிவிடாமல் மேட்டில் போட்டுக் காயவைத்து எரித்தால் பாதிச் சிக்கல் தீரும். நூறு நாள் வேலையில் ஏரிக்கரை சுத்தம் செய்யும்போது இந்த ஒரு விஷயத்தைக் கவனித்தாலே அடுத்த கோடைக்கு மாற்றம் தெரியும்.

சம்பா அறுவடைக்குப் பிறகு தை, மாசியில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து செம்மறி மந்தைகள் டெல்டாவுக்கு வந்து கிடை போடுவது வழக்கம். தாளடியில் மேயும் வரை கவலையில்லை. வைகாசியில் வரப்பும் காய்ந்து, வாய்க்கால் கரைதான் மிச்சம் என்று ஆகும்போதுதான் மந்தையை நடத்தும் கீதாரிகள் கவனமாக இருக்க வேண்டும்.

முந்திரித் தோப்பும் நெடுஞ்சாலையும்

பண்ருட்டி, நெய்வேலிச் செம்மண்ணில் முந்திரித் தோப்பு வேலிகளிலும் புறம்போக்குகளிலும் உண்ணிச்செடி புதராக மண்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்காக இந்தியாவுக்கு வந்த செடி. இதன் லாண்டடீன் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கிப் பித்தநீர் ஓட்டத்தை நிறுத்துகிறது. அதற்குப் பிறகு நடப்பது விசித்திரம். மாடு தின்னும் புல்லின் பச்சையம் வயிற்றில் சிதையும்போது ஃபில்லோஎரித்ரின் என்ற பொருள் உண்டாகும். வழக்கமாக அது பித்தநீரோடு வெளியேறிவிடும். பித்தநீர் நின்றுபோனால் ரத்தத்தில் ஏறித் தோலுக்கு வந்து சேரும். தோலில் வெயில் பட்டதும் வெந்துபோகும். காது நுனி, மூக்கு, மடி, வெள்ளை மயிர் உள்ள இடம் எல்லாம் சிவந்து, வீங்கி, தோல் உரியும். கறுப்புத் தோல் தப்பித்துக்கொள்ளும். கறுப்பு வெள்ளை மாட்டில் வெள்ளைத் திட்டுகள் மட்டும் உரிந்திருந்தால் அம்மை என்று நினைத்து மஞ்சள் வேப்பிலை பூசும் முன், கண்ணின் வெண்படலத்தைப் பார்க்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் ஈரல்.

முதல் வேலை, மாட்டை இருட்டான கொட்டகைக்கு மாற்றுவது. மரத்தடி நிழல் போதாது. இரண்டாவது, மருத்துவர் வயிற்றுக் குழாய் வழியாகத் தரும் கரித்தூள் கரைசல். பெரிய மாட்டுக்கு 2 கிலோ வரை, செம்மறிக்கு அரைக் கிலோ வரை. உண்ணிச்செடி தின்ற மாட்டின் வயிறு அசைவதை நிறுத்திவிடுவதால், தின்ற தழை உள்ளேயே கிடந்து நாள்கணக்கில் நஞ்சை விட்டுக்கொண்டிருக்கும். "நேத்துதானே தின்னுச்சு, இன்னைக்கு எதுக்கு மருந்து" என்று இருந்துவிடக் கூடாது.

மானாவாரிக் கொல்லையில் தரையோடு படரும் சிறுநெருஞ்சியும் செம்மறிகளுக்கு இதே வெயில் புண்ணைத் தரும். தென்னாப்பிரிக்காவில் இதனால் ஆட்டின் தலை மஞ்சளாகி வீங்குவதை ஒரு தனி நோயாகவே கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

அரளி வேறு ரகம். நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் வறட்சி தாங்கும், மாடு கடிக்காது என்றுதான் அதை நடுகிறார்கள். செடியாக நிற்கும்போது மாடு கடிப்பதில்லைதான். கிளைகளைக் கழித்துச் சாலையோரம் குவித்த பிறகுதான் வினை. காய்ந்த அரளி இலையில் கசப்பு குறைந்து தெரியும், நஞ்சு குறைவதில்லை. உடல் எடையில் 0.005 விழுக்காடு காய்ந்த இலை, அதாவது 400 கிலோ மாட்டுக்கு 20 கிராம், உயிரை எடுக்கும் அளவு. கோயில் குளத்தோரம் கொட்டும் வாடிய அரளி மாலைகளும் அதே கணக்கில் வரும். ஒலியாண்ட்ரின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்குகிறது. அரளி தின்ற மாட்டை ஆஸ்பத்திரிக்கு நடத்தி ஓட்டிப் போனால் பாதி வழியில் விழுந்துவிடும். மருத்துவரை மாட்டிடம் கூட்டி வர வேண்டும். மஞ்சள் பூப் பூக்கும் பொன்னரளியிலும் இதே மாதிரி நஞ்சுதான்.

சின்னச் சின்னக் கணக்குகள்

உளுந்து வயலில் களை எடுக்கும் பெண்கள் மாலையில் ஒரு கட்டு சாரணையும் முள்ளுக்கீரையும் சுமந்து வந்து மாட்டுக்குப் போடுவது சிதம்பரம் பக்கம் சாதாரணக் காட்சி. கொஞ்சமாகப் போட்டால் பாதகமில்லை. மழைக்குப் பிறகு கொழுத்து வளர்ந்த சாரணையில் நைட்ரேட்டும் ஆக்சலேட்டும் ஏறியிருக்கும். பசித்த மாட்டுக்கு அது மட்டுமே இரவுத் தீவனம் என்றால், நைட்ரேட் வயிற்றில் நைட்ரைட்டாகி ரத்தத்தைப் பழுப்பாக்கிவிடும். மூச்சிரைப்பு, நீலம் பாரித்த ஈறு, பழுப்பு ரத்தம். சோளத்துக்கு நேர் எதிர்.

இந்த எதிர்மறையில்தான் கைவைத்தியத்தின் ஆபத்து இருக்கிறது. சயனைடுக்கு மருத்துவர் ரத்தக் குழாயில் ஏற்றுவது சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்ஃபேட்டும். நைட்ரேட் நஞ்சுக்கு ஏற்றுவது மெத்திலீன் நீலம். முதல் மருந்தை இரண்டாவது நோய்க்குக் கொடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நஞ்சையே மேலும் ஏற்றியதாகும். மருந்துக் கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு ஊசி வாங்கும் வேலை இங்கே உதவாது.

வரகைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக் கதிரில் பூசணம் ஏறிய வரகு, சைக்ளோபியாசோனிக் அமிலம் என்ற நஞ்சைச் சுமக்கும். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் பத்து யானைகள் இறந்தது இப்படிப்பட்ட வரகைத் தின்றுதான். தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 1933 டிசம்பரில், அன்றைய சென்னை மாகாணத்தின் வண்ணாத்திப்பாறைக் காட்டில் வரகு தின்று 14 யானைகள் செத்த குறிப்பு இருக்கிறது. யானைக்கே அந்தக் கதி என்றால், நனைந்த வரகு வைக்கோலையும் தவிட்டையும் மாட்டுக்குப் போட்டுத் தீர்க்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

சீமைக்கருவேலங்காய் கோடையில் ஆட்டுக்குக் கிடைக்கும் இனிப்பு. அளவோடு தின்றால் நல்ல தீவனமே. மாதக்கணக்கில் அதுவே முக்கால் தீனி என்றானால், மாடுகளுக்குத் தாடை நரம்பு கெட்டு வாய் கோணும், அசைபோட முடியாமல் தீனி கீழே விழும். அதன் சர்க்கரை பல்லையும் அரிக்கிறது. கென்யாவின் பாரிங்கோ பகுதி இல்சாமுஸ் மக்கள், இந்த மரத்தைத் தங்கள் நிலத்தில் பரப்பியதை எதிர்த்து வழக்குப் போட்டபோது பல் போன ஆடு ஒன்றையே நீதிமன்றத்துக்குச் சாட்சியாகக் கூட்டிப் போனார்கள். காயை உலர்த்தி, விதையோடு அரைத்து, கலப்புத் தீவனத்தில் கால் பங்குக்குள் சேர்ப்பது பாதுகாப்பான வழி. விதை பொடியாவதால் சாணத்தின் வழி மரம் பரவுவதும் குறையும்.

சூபாபுல் என்கிற சவுண்டல் தழையும் அளவைப் பொறுத்ததுதான். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அதிலுள்ள மைமோசின் மயிரை உதிர்க்கும், கழுத்துச் சுரப்பியை வீங்க வைக்கும். ஹவாய்த் தீவு ஆடுகள் இதை எவ்வளவு தின்றும் அசராமல் இருப்பதைக் கவனித்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ், அந்த ஆடுகளின் வயிற்று நுண்ணுயிரியை 1980-களில் ஆஸ்திரேலிய மாடுகளுக்கு மாற்றினார். மாடுகளும் அசரவில்லை. அந்த நுண்ணுயிரி இப்போது அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. பார்வைக்குச் சவுண்டல் போலவே இருக்கும் வேலிமசாலில் இந்தத் தொல்லை இல்லை. புதிதாகத் தீவனம் நடுபவர்கள் வேலிமசாலையே தேர்ந்தெடுக்கலாம்.

பிச்சாவரத்துக்கு வந்தால், கிள்ளைப் பக்கத்து மாடுகளுக்கு உப்பங்கழி ஓரத்து வெண்கண்டல் இலை பிடித்தமான தீனி. அதே சேற்றில் நிற்கும் தில்லை மரத்தின் கிளையை மட்டும் யாரும் ஒடிப்பதில்லை. சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரமான இதன் பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கும், தோலில் பட்டால் கொப்புளிக்கும். மாடு மேய்வதைவிட, தழை ஒடிக்கும் மனிதருக்குத்தான் இங்கே எச்சரிக்கை தேவை.

விழுந்த பிறகு

ஒரு ஆடு விழுந்ததும் மீதி ஆடுகளை அந்த இடத்திலிருந்து உடனே விலக்க வேண்டும். ஆனால் அடித்து விரட்டக் கூடாது. விழுந்த ஆட்டின் வாயைத் திறந்து எண்ணெயோ புளித்தண்ணீரோ வெல்லக் கரைசலோ ஊற்றும் பழக்கம் பல ஆடுகளைக் கொன்றிருக்கிறது. விழுங்கும் தெம்பில்லாத பிராணிக்கு ஊற்றியது நுரையீரலுக்குள் போய்விடும். நஞ்சிலிருந்து தப்பினாலும் நிமோனியாவில் போகும். ஆட்டை நெஞ்சு தரையில் படும்படி, தலை சற்று உயர்ந்திருக்க உட்கார வைத்தால் போதும்.

வாயில் மிச்சமிருக்கும் தழையை எடுத்துக் காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும். மேய்ந்த இடத்துக்கு ஒருவர் போய், கடிபட்ட செடியை வேரோடு பிடுங்கி வரட்டும். கைப்பேசியில் படம் எடுத்தாலும் சரி. வரப்பில் யாராவது களைக்கொல்லி தெளித்திருக்கிறார்களா, உரம் கலந்த தொட்டியில் ஆடு வாய் வைத்ததா என்றும் விசாரிக்க வேண்டும். செடி நஞ்சு என்று கருதப்படுவதில் பூச்சிமருந்தும் யூரியாவும் கலந்திருப்பது அபூர்வமல்ல. சில களைக்கொல்லிகள் தெளித்த சில நாளில் வாடும் செடியில் சர்க்கரை ஏறி, முன்பு தொடாத ஆட்டுக்கும் அது ருசிக்கத் தொடங்கும்.

செத்த பிராணியின் மூக்கு, வாய், ஆசனவாயிலிருந்து கறுத்த, உறையாத ரத்தம் வடிந்தால் அதை அறுக்கவே கூடாது, தோலும் உரிக்கக் கூடாது. அது நச்சுச் செடியாக இல்லாமல் அடைப்பான் நோயாக இருக்கலாம். திறந்த உடலிலிருந்து அந்தக் கிருமி மண்ணில் இறங்கினால் பல பத்தாண்டுகள் சாகாது, மனிதருக்கும் தொற்றும். மற்றபடி பிரேதப் பரிசோதனையைக் கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும். காப்பீடு செய்த மாடு என்றால் அவர் தரும் சான்றும் காது வில்லையும் இல்லாமல் இழப்பீடு வராது.

கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962, கட்டணமில்லை. கடலூரில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பிடுங்கி வந்த செடி என்னவென்று தெரியாதவர்கள் அங்கே காட்டிக் கேட்கலாம். 1962-க்குப் பேசும்போது மூன்று விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் கொல்லையில் மேய்ந்தது, மேய்ந்து எத்தனை நேரம் ஆகிறது, அன்று காலை அவிழ்த்துவிடும் முன் வைக்கோலோ தட்டையோ ஏதாவது தின்றதா. சித்திரை முதல் ஆடி வரை அந்த மூன்றாவது கேள்விக்கு "தின்றது" என்று சொல்லும்படி, தினமும் பட்டியைத் திறக்கும் முன் ஆட்டுக்கு ஒரு கை வைக்கோல் போட்டுவிடுங்கள்.